கடைக்கோடித் தெருவில் சாக்கடை வாடை, பதிவேட்டில் தினமும் குளோரின் 0.5: குடிநீரை எப்படிச் சோதிப்பது, யாரிடம் கேட்பது?

கேள்வி: கடைக்கோடித்தெரு

வணக்கம். எங்கள் ஊர் ஒரு சின்னப் பேரூராட்சி. ஆற்றுத் தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருகிறது. அது குறையும் நாட்களில் இரண்டு போர்வெல் தண்ணீரையும் அதே மேல்நிலைத் தொட்டியில் ஏற்றிக் கலந்துவிடுகிறார்கள். எங்கள் பகுதித் தொட்டி 1 லட்சம் லிட்டர். தினமும் ஒரு தடவை நிரப்பி, தெருக்களுக்கு முறை வைத்துத் திறக்கிறார்கள். ஒரு தெருவுக்கு மூன்று நாளைக்கு ஒரு முறை, 45 நிமிடம்.

கடைசியில் இருக்கும் எங்கள் தெருவில் முதல் ஐந்து நிமிடம் தண்ணீர் கலங்கலாக, சாக்கடை வாடையோடு வருகிறது. பிறகு தெளிந்துவிடுகிறது. சில நாள் பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கைத் துளைக்கும். சில நாள் துளியும் இருக்காது. இரண்டு மாதமாக எங்கள் தெருவில் மட்டும் குழந்தைகளுக்கு அடுத்தடுத்து வயிற்றுப்போக்கு. அலுவலகத்தில் கேட்டால் பதிவேட்டைக் காட்டுகிறார்கள். எஞ்சிய குளோரின் 0.5, மறுநாள் 0.5, அதற்கு மறுநாளும் 0.5. தொட்டியில் பெயின்டால் எழுதியிருக்கும் 'சுத்தம் செய்த தேதி' நான்கு மாதப் பழசு.

முதலில் எதைச் சோதிப்பது, எந்தக் குழாயில் எடுப்பது? தெளிந்த பிறகு பிடிக்கிற தண்ணீரைக் குடிக்கலாமா? கேன் தண்ணீருக்கு மாறிவிடலாமா? தட்டிக்கழிக்க முடியாதபடி மனு எப்படி எழுதுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: சோதனைக்குழாய்

சோதனைக்கு முன்னால் அடுப்பு. குடிக்கிற, பல் துலக்குகிற, குழந்தைக்குப் பால் கலக்குகிற தண்ணீர் அத்தனையும் தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடமாவது கொதிக்கட்டும். கொதித்த பாத்திரத்திலேயே மூடி ஆறவிடுங்கள். வேறு குடத்துக்கு மாற்றினால் அந்தக் குடத்து அழுக்கு சேரும். தெளிந்த தண்ணீரையும் அப்படியே குடிக்க வேண்டாம். கலங்கல் கண்ணுக்குத் தெரியும், மலத்தோடு வரும் ஈ.கோலை கிருமி தெரியாது. வயிற்றுப்போக்கு வந்த குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். ஓ.ஆர்.எஸ்., துத்தநாக மாத்திரை இரண்டும் கிடைக்கும். அங்கே தெருப் பெயரோடு பதிவாகும் ஒவ்வொரு வரியும் பின்னால் உங்களுக்கு ஆதாரம்.

இனி சோதனை. எஞ்சிய குளோரினில் ஆரம்பியுங்கள். ஒரு நிமிட வேலை, ஒரு சோதனைக்குச் சில ரூபாய்தான் ஆகும். ஐ.எஸ். 10500:2012 என்ற இந்தியக் குடிநீர்த் தரப்படி தனிக் குளோரின் (எதோடும் சேராமல் எஞ்சி நிற்பது) லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். வைரஸ் தொற்று அபாயம் இருந்தால் 0.5. அதைவிட முக்கியமான ஒரு வரி அந்தத் தரத்திலேயே இருக்கிறது: இந்த அளவை நுகர்வோர் முனையில்தான் சோதிக்க வேண்டும். தொட்டியடியில் எடுத்த 0.5 உங்கள் தெருவுக்குப் பதில் ஆகாது.

அவர்கள் எதை வைத்து அளக்கிறார்கள் என்று பாருங்கள். ஆர்த்தோடாலிடின் சொட்டு விட்டு மஞ்சள் நிறம் பார்க்கிற பழைய குளோரோஸ்கோப்பாக இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். சொட்டு விட்ட பத்து விநாடிக்குள் தெரிகிற மஞ்சள்தான் தனிக் குளோரின். குழாயைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றால், அம்மோனியாவோடு சேர்ந்துபோன குளோரினும் மஞ்சளாகிவிடும். சாக்கடை கலந்த தண்ணீரில் அம்மோனியா இருக்கும். ஆக, எங்கே தண்ணீர் கெட்டிருக்கிறதோ அங்கேதான் இந்த முறை நல்ல எண்ணைக் காட்டும். இரும்பு, மாங்கனீசு, நைட்ரைட்டும் பொய் மஞ்சள் தரும். போதாக்குறைக்கு அது புற்றுநோய் அச்சமுள்ள ரசாயனம், கையில் படக் கூடாது.

நீங்கள் குளோரின் அளக்கிற டி.பி.டி. மாத்திரைப் பெட்டி வாங்குங்கள். 10 மில்லி குழாயை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, கோடு வரை நிரப்பி, 1ஆம் எண் மாத்திரையை விரல் படாமல் உறையிலிருந்தே தள்ளிவிட்டு, நசுக்கிக் கரைத்து, ஒரு நிமிடத்துக்குள் இளஞ்சிவப்பை அட்டையோடு ஒப்பிடுங்கள். வெயிலில் பார்க்காதீர்கள், நிழலில் வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துப் பாருங்கள். பிறகு அதே குழாயில் 3ஆம் எண் மாத்திரையைப் போட்டால் மொத்தக் குளோரின் தெரியும். முதலாவது வெள்ளையாகவே இருந்து இரண்டாவது நன்றாகச் சிவந்தால், குளோரின் போட்டிருக்கிறார்கள், அதை அம்மோனியா பிடித்துக்கொண்டது என்று அர்த்தம்.

ஒரே திறப்பில் நான்கு இடத்தில் எடுங்கள். தொட்டியடிக் குழாய், நடுத்தெரு, உங்கள் தெருவுக்கு முந்தைய தெரு, கடைசி வீடு. பிரதான குழாயிலிருந்து நேராக வரும் குழாயாக இருக்க வேண்டும். சம்பு, சின்டெக்ஸ் வழியாக வருவது உங்கள் தொட்டியின் கதையைத்தான் சொல்லும். கடைசி வீட்டில் மட்டும் இரண்டு முறை: திறந்த முதல் நிமிடத்தில் ஒன்று, பத்தாவது நிமிடத்தில் ஒன்று.

கிருமிக்கு ஹைட்ரஜன் சல்பைடு குப்பி போதும். குறியீடு வரை நிரப்பி, மூடி, வீட்டில் நிழலான இடத்தில் வைத்து 24 முதல் 48 மணி நேரத்துக்குள் கறுக்கிறதா என்று பாருங்கள். கறுத்தால் மலக் கலப்பு என்று பலமாகச் சந்தேகிக்கலாம். அழுகிய முட்டை நாற்றமுள்ள போர்வெல் தண்ணீர் கிருமி இல்லாமலும் கறுக்க வைக்கும், ஆகவே இது முடிந்த முடிவு ஆகாது. அதற்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் இருக்கிறது, கட்டணம் கட்டினால் பொதுமக்கள் மாதிரியையும் சோதிப்பார்கள். பாட்டிலை அவர்களிடமே வாங்குங்கள். கிருமி நீக்கிய அந்தப் பாட்டிலுக்குள் சோடியம் தயோசல்பேட் போட்டிருப்பார்கள். மீதமிருக்கும் குளோரினை அது அடக்கிவிடும். இல்லையென்றால் ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் குளோரின் கிருமியைக் கொன்று, கெட்ட தண்ணீர் நல்ல தண்ணீராகத் தேறிவிடும். அதனால் அந்தப் பாட்டிலைக் கழுவவே கூடாது.

எடுக்கும்போது குழாய் வாயைத் துடைத்து, ஸ்பிரிட் பஞ்சைப் பற்றவைத்து ஒரு நிமிடம் சுட்டு (பிளாஸ்டிக் குழாய் என்றால் ஸ்பிரிட்டால் துடைத்தால் போதும்), இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, மூடியின் உட்புறம் எதிலும் படாமல் பிடித்து, மேலே கொஞ்சம் காற்றிடம் விட்டு மூடுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து 6 மணி நேரத்துக்குள் சேர்ப்பது நல்லது, 24 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. முடிவு படிப்பது சுலபம்: 100 மில்லியில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. 'குறைவாக உள்ளது' என்ற பேச்சுக்கே இடமில்லை.

போர்வெல் கலப்பதால் ரசாயனச் சோதனையும் ஒரு முறை வேண்டும். 2 லிட்டர் கேனில் தனியாக எடுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, இதில் தளர்வே கிடையாது. ஃபுளோரைடு 1.0, மாற்று ஆதாரம் இல்லாவிட்டால் 1.5 வரை. அம்மோனியா 0.5. நைட்ரேட்டையும் ஃபுளோரைடையும் கொதிக்க வைத்துப் போக்க முடியாது. தண்ணீர் வற்ற வற்ற செறிவு கூடத்தான் செய்யும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் நைட்ரேட் முடிவு வரும்வரை போர்வெல் கலந்த தண்ணீரில் பால் கலக்க வேண்டாம்.

பதில் 2: வால்வு

தம்பி, ஒரு நாள் நெடி, ஒரு நாள் இல்லை என்கிறீர்களே, அதிலிருந்தே பாதி புரிகிறது. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்காமல் ஒரே டப்பாவில் அளந்து கொட்டுகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். 1 லட்சம் லிட்டர் தண்ணீருக்கு, லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் குளோரின் வேண்டும் என்றால் 200 கிராம் குளோரின். பிளீச்சிங் பவுடரில் 30 சதவீதம் குளோரின் இருந்தால் ஏறக்குறைய 650 கிராம் பவுடர். அதே 650 கிராமை 40,000 லிட்டர் மட்டும் இருக்கும்போது போட்டால் அளவு லிட்டருக்கு 5 மில்லிகிராமை நெருங்கிவிடும், அன்றைக்கு மூக்கைத் துளைக்கும். மூட்டையைப் பிரித்து வைத்து ஈரக்காற்று பட்டுச் சக்தி 15 சதவீதமாக இறங்கியிருந்தால் நிரம்பிய தொட்டிக்கு 1 மில்லிகிராம்தான் போய்ச் சேரும், போர்வெல் தண்ணீரில் இரும்பு இருந்தால் அதிலும் ஒரு பங்கு போச்சு. அன்றைக்குக் கடைசித் தெருவில் ஒன்றும் மிஞ்சாது. நல்ல மூட்டை உதிரியாக, வெள்ளையாக, நெடியோடு இருக்கும். கட்டி தட்டி, கையில் பிசுபிசுத்து, நெடியே இல்லாமல் இருந்தால் அது வெறும் சுண்ணாம்பு.

பவுடரின் சக்தியை ஊரிலேயே தோராயமாகப் பார்க்கலாம். 10 கிராம் பவுடரை 10 லிட்டர் வாளித் தண்ணீரில் நன்றாகக் கலக்கித் தெளியவிடுங்கள். 30 சதவீதப் பவுடர் என்றால் அதில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் குளோரின். அந்தத் தெளிவிலிருந்து ஊசி போடும் சிரிஞ்சில் 5 மில்லி எடுத்து 1 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் விட்டு, மேலே சொன்ன டி.பி.டி. பெட்டியில் பாருங்கள். 1.5 காட்ட வேண்டும். 0.7 காட்டினால் பாதிச் சக்தி போய்விட்டது. இதைச் செயல் அலுவலர் முன்னால் செய்து காட்டுங்கள். வாதம் செய்வதைவிட இது பேசும்.

போடுகிற முறையிலும் தப்பு நடக்கிறது. பவுடரை அப்படியே தொட்டிக்குள் கொட்டினால் சுண்ணாம்பு அடியில் கட்டியாகப் படிந்து, குளோரின் ஓரிடத்திலேயே நிற்கும். பிளாஸ்டிக் வாளியில் கூழாகக் குழைத்து, தண்ணீர் சேர்த்து, 15 நிமிடம் தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் வடிகட்டி, மோட்டார் ஓடித் தண்ணீர் தொட்டியில் விழுந்துகொண்டிருக்கும்போதே ஊற்ற வேண்டும். விழுகிற வேகம் கலக்கிவிடும். நிரம்பிய பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும். அவசரத்துக்கு வால்வைத் திறந்துவிட்டுப் பவுடர் போடுகிற வழக்கம் பல ஊரில் உண்டு; முதல் தெரு குளோரின் இல்லாத தண்ணீரைப் பிடித்துவிடும்.

தொட்டியை மாதம் இரண்டு முறை கழுவித் தேதி எழுத வேண்டும். நான்கு மாதம் என்றால் அடியில் விரற்கடை அளவு சேறு நிற்கும், போடுகிற குளோரினை அதுவே தின்றுவிடும். கழுவும்போது ஸ்கவர் வால்வு (அடிக்கழிவை வெளியேற்றும் வால்வு) வழியாகத்தான் கழிவைத் தள்ள வேண்டும், விநியோகக் குழாயில் விடக் கூடாது. சோப்பு போடக் கூடாது. ஆள் இறங்குமுன் மூடியைத் திறந்து காற்றாடவிட்டு, மேலே ஒருவர் நிற்க வேண்டும். பிளீச்சிங் கரைசலைச் சுவரில் அடித்த கையோடு உள்ளே நிற்கக் கூடாது, மூச்சடைக்கும்.

கழுவும் நாளில் காற்றுப்போக்கிக் குழாயிலும் வழிகுழாயிலும் வலை இருக்கிறதா, மேல்மூடிக்கும் ஏணிக்கும் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சமூக மக்கள் குடிக்கிற தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தபின் எந்த ஊரிலும் ஒரு தொட்டிகூடப் பூட்டில்லாமல் இருக்கக் கூடாது. இருக்கிறதே, அதுதான் வேதனை.

முதல் ஐந்து நிமிடக் கலங்கல் வேறு விஷயம். அது தொட்டியில் இல்லை, மண்ணுக்குள் இருக்கிறது. தண்ணீர் நின்ற பிறகு குழாய் காலியாகும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். மூட்டில் கசிவு இருந்தால், வெளியே நிற்கிற சாக்கடை நீரை அந்த ஓட்டை உள்ளே இழுக்கும். தண்ணீர் இருக்கும்போது வெளியே கசிகிற அதே ஓட்டை, இல்லாதபோது உள்ளே குடிக்கும். ஏறக்குறைய மூன்று நாள் இப்படி ஊறிக் கிடந்ததை அடுத்த திறப்பு முதல் வேலையாக உங்கள் வீட்டுக்குள் தள்ளுகிறது. இதோடு குழாயில் நேராக மோட்டார் மாட்டி உறிஞ்சுகிற வீடுகள் இருந்தால், தண்ணீர் ஓடும்போதும் இழுப்பு நடக்கும். முன்தெருவில் நாலு மோட்டார் ஓடினால் கடைசித் தெருவில் அழுத்தமே இருக்காது. மோட்டாரை நிறுத்தச் சொல்லி அக்கம்பக்கத்தில் பேசுவது கசப்பான வேலைதான், ஆனால் இதை விட்டுவிட்டு மற்ற எதைச் சரிசெய்தாலும் நிற்காது.

பதில் 3: தெளிநீர்

எதற்கு இவ்வளவு பாடு? எல்லோரும் ஆர்.ஓ. மாட்டிக்கொள்ளலாம், இல்லையென்றால் 20 லிட்டர் கேன் போடலாம். டி.டி.எஸ். மீட்டர் வைத்துப் பார்த்தால் கேன் தண்ணீர் 60 காட்டுகிறது, குழாய்த் தண்ணீர் 700 காட்டுகிறது.

பதில் 4: சோதனைக்குழாய்

டி.டி.எஸ். மீட்டர் உப்பை மட்டும் அளக்கும். கிருமிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 60 காட்டுகிற தண்ணீரில் ஈ.கோலை இருக்கலாம், 700 காட்டுகிற தண்ணீர் சுத்தமாக இருக்கலாம். தரப்படி 500 விரும்பத்தக்கது, மாற்று இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. வீட்டு வாசலில் இரண்டு கம்பியை விட்டு மின்சாரம் பாய்ச்சிக் குழாய்த் தண்ணீரைச் செம்பழுப்பாக்கிக் காட்டுகிறார்களே, அந்த நிறம் இரும்புக் கம்பி கரைந்து வருவது. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் ஓடும், கம்பி கரையும், உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரில் ஓடாது, அதனால் தெளிவாக நிற்கும். அந்தத் தெளிந்த டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி கம்பியை விடச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும்.

ஆர்.ஓ. இயந்திரம் முதலில் குளோரினை நீக்கிவிடுகிறது. அதன் பிறகு உள்தொட்டியில் தேங்குகிற தண்ணீருக்குப் பாதுகாப்பே இல்லை. வடிகட்டியை மாற்றாமல் விட்டால் அங்கேயே பாசி பிடிக்கும். நைட்ரேட்டோ ஃபுளோரைடோ அளவு மீறியிருந்தால் ஆர்.ஓ. தேவைதான், மறுக்கவில்லை. கேன் வாங்குவதானால் உணவுப் பாதுகாப்பு உரிம எண், தயாரித்த தேதி, தொகுதி எண் மூன்றும் அச்சாகி, மூடியில் முத்திரை பிரியாமல் இருக்க வேண்டும். பெயரில்லாத கேனில் நிரப்பி வருவது யாருடைய போர்வெல்லோ, யாருக்குத் தெரியும்? உள்ளே சுரண்டல் கீறலும் பச்சைப் படலமும் உள்ள கேனைத் திருப்பி அனுப்புங்கள். தினம் கேனுக்குக் காசு கொடுக்க முடியாத வீடு உங்கள் தெருவில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அவர்களுக்குக் குழாய்தான் கதி.

பதில் 5: வடலி

ஒவ்வொரு நாளும் 0.5 எண்டு எழுதியிருக்கு எண்டதை வாசிச்சவுடனே வோக்கர்ட்டன்தான் ஞாபகம் வந்தது. கனடாவில ஒன்ராறியோ மாகாணத்தில ஏறத்தாழ 5,000 சனம் இருக்கிற சின்னப் பட்டணம். 2000ஆம் ஆண்டு மே மாதம் பெருமழை பெய்ய, பக்கத்துப் பண்ணை மாட்டெரு 5ஆம் இலக்கக் கிணத்துக்குள்ள இறங்கிட்டுது. ஆழம் குறைஞ்ச கிணறு. ஈ.கோலை ஓ157 கிருமியால 7 பேர் செத்துப்போச்சினம், 2,300 பேருக்கு மேல நோய் வந்தது.

பிறகு நீதிபதி டெனிஸ் ஓ'கொனர் தலைமையில நடந்த விசாரணையில என்ன வெளிவந்தது தெரியுமோ? குளோரின் போதுமான அளவு போடேல்ல. அளக்காமலே நாளாந்தக் குறிப்பேட்டில 0.5, 0.75 எண்டு எழுதி வந்திருக்கினம். ஓரிடத்தில எடுத்த மாதிரிப் போத்தலில இன்னோரிடத்தின்ர பெயரை ஒட்டியிருக்கினம். ஆய்வுகூடம் கிருமி இருக்கெண்டு அறிவிச்சது நீர் விநியோகம் செய்தவைக்கு மட்டும். அவை சுகாதாரப் பகுதிக்குச் சொல்லேல்ல, கேட்டபோதும் தண்ணி நல்லாயிருக்கு எண்டுதான் சொன்னவை. குளோரினையும் கலங்கலையும் விடாமல் அளக்கிற கருவி அந்தக் கிணத்தில இருந்திருந்தால் இது நடந்தேயிராது எண்டு அறிக்கை சொல்லுது.

உங்கட ஊருக்கு இதில எடுக்கக் கூடியது இரண்டு. உண்மையில அளந்த எண் ஒருநாளும் ஒரே மாதிரி நிக்காது. 0.4, 0.7, 0.3, 0.6 எண்டு ஆடும். மூன்று மாதம் அசையாமல் 0.5, ஒரே பேனை, ஒரே கையெழுத்து எண்டால் அது அளவு இல்லை, எழுத்து. மற்றது, மாதிரி குடுக்கேக்க முடிவின்ர பிரதி உங்களுக்கும் சுகாதார அலுவலருக்கும் ஒரே நேரத்தில போகிற மாதிரிச் செய்யுங்கோ. ஒரு கையில மட்டும் முடிவு நிண்டுபோனதாலதான் அங்க நாட்கள் வீணாப்போனது.

பதில் 6: மனுஎழுத்து

வடலி சொன்னதைத் தாளில் நிரூபிக்க வழி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)இன் கீழ் பேரூராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எழுதுங்கள். 'ஏன் தண்ணீர் சுத்தமில்லை' என்று கேட்காதீர்கள். ஏன் என்பதற்குப் பதில் தர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். கடந்த 90 நாள் குளோரின் பதிவேடு, பிளீச்சிங் பவுடர் இருப்புப் பதிவேடும் வாங்கிய பட்டியல்களும், தொட்டி கழுவிய பதிவேடு, இரண்டு ஆண்டு ஆய்வக அறிக்கைகள், உங்கள் வார்டின் குழாய் வரைபடம், கசிவு சரிசெய்த பதிவேடு.

வந்ததும் ஒரு கணக்கு. வால்வு சொன்னபடி நாளைக்கு 650 கிராம் என்றால் 90 நாளைக்கு 58 கிலோவுக்கு மேல். 25 கிலோ மூட்டை இரண்டுக்கும் அதிகம், அதுவும் இந்த ஒரு தொட்டிக்கே. மூன்று மாதத்தில் ஒரே மூட்டை செலவாகியிருந்தால் பதிவேட்டில் தினமும் உள்ள 0.5 நம்ப முடியாத எண். இதைவிட வலுவான ஆதாரம் கிடைக்காது, ஏனென்றால் இரண்டுமே அவர்கள் கொடுத்த தாள்.

அதே சட்டத்தின் பிரிவு 2(ஜே)யைப் பலரும் பயன்படுத்துவதில்லை. ஆவணத்தை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றிடப்பட்ட மாதிரியைப் பெறவும் அது உரிமை தருகிறது. கடைசி வீட்டுக் குழாய்த் தண்ணீரையும் கையிருப்பிலுள்ள பவுடரையும் சான்றிட்ட மாதிரியாகக் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள். உயிர் பற்றிய தகவல் என்றால் 48 மணி நேரம் என்று பிரிவு 7(1) சொல்கிறது. வயிற்றுப்போக்கு நடக்கும்போது ஆய்வக அறிக்கையைக் கேட்கிற மனுவில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, எந்தத் தெரு, எத்தனை குழந்தைகள் என்று காரணம் எழுதுங்கள். பதில் வராவிட்டால், கெடு முடிந்த 30 நாளுக்குள் பிரிவு 19(1)இல் முதல் மேல்முறையீடு.

புகார் மனு வேறு, அதை இதோடு கலக்காதீர்கள். ஒரு பக்கம் போதும். முதல் பத்தியில் தேதி, நேரம், வீட்டு இருப்பிடம், எண். 'இன்ன தேதி காலை 6.10க்குக் கடைசி வீட்டுக் குழாயில் தனிக் குளோரின் 0, தொட்டியடியில் 0.8' என்கிற மாதிரி. இரண்டாம் பத்தியில் கேட்பது என்ன, எத்தனை நாளில். 'தண்ணீர் மோசமாக வருகிறது, ஆவன செய்யவும்' என்று எழுதினால் 'ஆவன செய்யப்பட்டது' என்றே பதில் வரும். செயல் அலுவலருக்கு ஒன்று, மாவட்ட சுகாதார அலுவலருக்கு ஒன்று, திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் நாளில் ஒன்று, மூன்றுக்கும் ஒப்புகை. முதல்வரின் உதவி மைய எண் 1100இலும் பதிந்து, புகார் எண்ணை வாங்கி அடுத்த மனுவில் எழுதுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் கோட்டாட்சியரிடம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 152இல் மனு கொடுக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133தான் அது: பொதுத் தொல்லையை நீக்க நிபந்தனை உத்தரவு. உள்ளாட்சி அமைப்புக்கு எதிராகவே இது செல்லும் என்று 1980இல் ரத்லாம் நகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திறந்த சாக்கடையும் நாற்றமும் பற்றிய அந்த வழக்கில் 'நிதி இல்லை' என்ற நகராட்சியின் சாக்கை நீதிபதி கிருஷ்ணய்யர் ஏற்கவில்லை. உங்கள் அலுவலகமும் முதலில் அதைத்தான் சொல்லும்.

பதில் 7: கடைக்கோடித்தெரு

எல்லோருக்கும் நன்றி. டி.பி.டி. பெட்டியில் எடுத்த அளவுகள்: தொட்டியடி 0.8. நடுத்தெரு 0.5. முந்தைய தெருவின் கடைசி வீடு 0.4. எங்கள் தெரு முதல் வீடு 0, கடைசி வீடும் 0. எங்கள் தெருவில் 3ஆம் எண் மாத்திரை போட்டதும் இளஞ்சிவப்பு வந்தது, ஏறக்குறைய 0.3. ஹைட்ரஜன் சல்பைடு குப்பி இங்கே 20 மணி நேரத்தில் கறுத்துவிட்டது, முந்தைய தெருவில் 48 மணி ஆகியும் கறுக்கவில்லை. இரண்டு தெருவுக்கும் நடுவில் ஒரு சிறுபாலம், அடியில் சாக்கடை. ஆய்வகத்துக்கும் மாதிரி கொடுத்தாயிற்று.

பதில் 8: வால்வு

இடம் கிடைத்துவிட்டது தம்பி. 0.4இலிருந்து 0க்கு ஒரு பாலத்து நீளத்தில் விழுகிறது, மொத்தக் குளோரின் மட்டும் மிச்சம் நிற்கிறது. பாலத்தடியில்தான் சாக்கடை உள்ளே போகிறது.

தண்ணீர் திறந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். சாக்கடை நீரில் ஓரிடத்தில் மட்டும் தெளிவான சுழிப்போ குமிழோ தெரிந்தால் அதுவே கசிவு. தெரியாவிட்டால் இரு பக்கமும் மண் தோண்டி மூட்டுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பாலத்தின் மேல் லாரி போகிற அதிர்வில் பி.வி.சி. மூட்டு விலகும், அல்லது வீட்டு இணைப்புக்கு ஓட்டை போட்ட இடத்தில் மாட்டிய ஃபெரூல் சேடில் என்ற பிடிப்பு துருப்பிடித்து ஆடும். பாலத்துக்குப் பக்கத்தில் யாராவது சாக்கடைக்குள்ளேயே வீட்டு இணைப்புக் குழாயை இழுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

அதே இடத்தில் கிளாம்ப் போட்டு ரப்பர் சுற்றி மூடிவிட்டுப் போக விடாதீர்கள், அது ஒரு மழைக்குத் தாங்காது. குழாய் சாக்கடையை விட்டு மேலே வர வேண்டும். பிரதான குழாய்க்கும் சாக்கடைக்கும் பக்கவாட்டில் 3 மீட்டர் இடைவெளி வேண்டும். இடமில்லாவிட்டால் தனிப் பள்ளத்தில், சாக்கடையின் மேல்மட்டத்திலிருந்து அரை மீட்டராவது உயரத்தில் போட வேண்டும் என்பது மத்திய பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பின் கையேட்டு விதி. பாலத்தில் கைப்பிடிச் சுவரை ஒட்டி இரும்புக் குழாயாகத் தொங்கவிட்டால் கசிந்தாலும் கண்ணுக்குத் தெரியும். வீட்டு இணைப்பு சாக்கடையைத் தாண்டியே ஆக வேண்டும் என்றால் நடுவில் மூட்டில்லாத ஒரே நீளக் குழாய், அதற்கு மேல் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) உறை.

பள்ளத்தை மூடுமுன் நீங்கள் அங்கே நில்லுங்கள். பள்ளத்துச் சாக்கடை நீரைக் குழாய் மட்டத்துக்குக் கீழே இறைத்த பிறகுதான் குழாயை அறுக்க வேண்டும், இல்லையென்றால் சரிசெய்யும்போதே உள்ளே போய்விடும். புதுக் குழாயின் உட்பக்கத்தையும் மூட்டையும் 1 சதவீதக் குளோரின் கரைசலில் துணி நனைத்துத் துடைக்கச் சொல்லுங்கள். 25 சதவீதப் பவுடர் என்றால் லிட்டருக்கு 40 கிராம். மாட்டியதும் உங்கள் தெருக் கடைசியில் ஸ்கவர் வால்வைத் திறந்து தெளியும்வரை ஓடவிட வேண்டும். கடைசியில் வால்வே இல்லை, குழாய் முட்டுச் சந்தாக முடிகிறது என்றால், பள்ளம் தோண்டுகிற இந்த நேரத்திலேயே ஒன்று வைக்கச் சொல்லி மனுவில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வால்வு வைக்க மறுபடி ஒரு முறை ரோட்டை வெட்ட மாட்டார்கள்.

அடுத்த மூன்று திறப்புக்கும் முதல் நிமிடத்திலும் பத்தாவது நிமிடத்திலும் கடைசி வீட்டில் அளந்து இங்கே போடுங்கள். முதல் நிமிடத்தில் 0.2 வருகிறவரை அடுப்பை அணைக்க வேண்டாம்.